'திடீரென' செயலிழக்கும் பிறேக்குகள்: வன்னியின் பாரவூர்திகளும் எமது பொறுப்பும்

பாரிய வீதி விபத்தொன்று நிகழ்ந்த மறுநாள் வெளியாகும் செய்திகளில் ஒரு வாசகம் பெரும்பாலும் தவறாது இடம்பெறுவதை வாசகர்கள் அவதானித்திருப்பர். வாகனத்தின் பிறேக் திடீரெனச் செயலிழந்தமையே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளதாகக் கூறும் வாசகமே அது. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்த வேளையிலும் முதலில் பேசப்பட்டது பிறேக் பற்றித்தான். இத்தகைய சம்பவங்களைத் தொடர்ந்து அனுதாபச் செய்திகள் வெளியாகின்றன. விசாரணைக் குழுக்கள் நியமிக்கப்படுகின்றன. சில வாரங்களில் அடுத்த விபத்து முன்னைய விபத்தை மறக்கடித்து விடுகின்றது.

மேற்படி வாசகத்திலுள்ள 'திடீரென' என்ற சொல்லையே நாம் இங்கு கேள்விக்குட்படுத்த விரும்புகின்றோம். காற்றழுத்தத்தினால் இயங்கும் பாரவூர்திகளின் பிறேக் ஒரே கணத்தில் கைவிடுவது மிக அரிது. அது மாதக்கணக்கில் தேய்கின்றது, கசிகின்றது, கேட்கக்கூடிய காதுள்ளவர்களுக்குச் சத்தமிட்டுச் சொல்கின்றது, அதன் பின்னரே கைவிடுகின்றது. ஆகவே, பிறேக் செயலிழப்பு என நாம் எழுதும் பல சம்பவங்கள் உண்மையில் உரிய நேரத்திற் செய்யப்படாத ஒரு திருத்த வேலையின் விளைவுகளாகும். இதனை விதியின் மீதோ சாரதியின் மீதோ மட்டும் சுமத்திவிட்டு அப்பாற் செல்வது சமூகம் என்ற வகையில் எமக்கு வசதியாக இருக்கலாம். ஆனால், அது உண்மைக்குப் பொருந்துவதாக இல்லை.

இவ்விடயத்தை விசுவமடுவை முன்னிறுத்தி நோக்குவது பொருத்தமானது. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமான பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய இரு மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தை அண்டி அமைந்துள்ளது இவ்வூர். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பேர்போன குடியேற்றத் திட்டமாக 1970களில் நாடெங்கும் அறியப்பட்ட மண் இது. அன்று இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலையைத் தந்தபோது, விசுவமடுவின் தோட்டங்களிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தென்னிலங்கைச் சந்தைகளுக்கு லொறிகள் சென்றன. இன்று அதே வீதியால் மணலும் கிரவலும் கருங்கல்லும் செங்கல்லும் நெல்லும் ஏற்றிய டிப்பர்களும் லொறிகளும் செல்கின்றன. அயலிலுள்ள தருமபுரம், கல்லாறு பகுதிகளின் மணல் அகழ்வு பற்றிய செய்திகள் எமது பத்திரிகைகளுக்குப் புதியனவல்ல.

யுத்தத்தின் பின்னர் இவ்வீதி செப்பனிடப்பட்டது. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இன்று பாரமேற்றிய டிப்பர் கூட அதில் விரைந்தோட முடிகின்றது. அதே வீதியிற்றான் பாடசாலை மாணவர்கள் துவிச்சக்கர வண்டிகளில் வரிசையாகச் செல்கின்றனர். மாலையில் மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்புகின்றன. நெல் அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காய்கின்றது. இரவில் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் செல்கின்றன. இத்தகைய வீதியில் ஓடும் பாரவூர்தி எந்நேரமும் சடுதியாக நிற்க வேண்டியதாக இருக்கின்றது.

மலையகத்திற் சென்றுவரும் சாரதிகள் பிறேக் மீது ஒரு பயத்தோடு வாகனம் செலுத்துவர். கடுகண்ணாவையும் பெரகலையும் அப்பயத்தைக் கற்பித்துவிடுகின்றன. வன்னியோ சமதரை. இங்கு ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. ஆதலால் பிறேக் ஓரளவு இருந்தாற் போதும் என்ற எண்ணம் உரிமையாளர்களிடமும் சாரதிகளிடமும் வேரூன்றியுள்ளது. இது ஆபத்தான எண்ணம். மலைச்சரிவிற் பிறேக்கின் பலவீனம் படிப்படியாகப் புலப்படும். சமதரையில் அது நாளாந்த ஓட்டத்தில் வெளித்தெரிவதில்லை. மெதுவாக நிறுத்தும் வேளைகளிலெல்லாம் வாகனம் நின்றுவிடும். ஒரு பிள்ளை குறுக்கே வந்த அந்த ஒரு தடவை மாத்திரமே முழுப் பலமும் தேவைப்படும். அப்போதுதான் அந்தப் பலம் இல்லையென்பது தெரியவரும்.

காற்றுப் பிறேக்கின் செயற்பாட்டைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது இங்கு அவசியமாகின்றது. இயந்திரத்துடன் இணைந்த கொம்பிறசர் காற்றை அழுத்தித் தாங்கிகளில் நிரப்புகின்றது. சாரதி மிதிக்கும்போது அக்காற்று குழாய்களின் வழியே ஒவ்வொரு சில்லுக்கும் அருகிலுள்ள வட்டமான இரும்புக் கலனொன்றைச் சென்றடைகின்றது. இதுவே பிறேக் சேம்பர். அதன் உள்ளே றப்பராலான திரையொன்று இருக்கின்றது. டயபிறம் என்று திருத்தகங்களில் அழைக்கப்படுவது இதுதான். காற்று இத்திரையைத் தள்ள, திரை ஒரு இரும்புக் கோலைத் தள்ளுகின்றது. கோல் நெம்பை அசைக்க, நெம்பு தண்டைத் திருப்ப, பிறேக் சூக்கள் விரிந்து ட்றமுடன் உராய்கின்றன. பெருமளவிற் பாவனையிலுள்ள 30 சதுர அங்குலத் திரையொன்றில், சதுர அங்குலத்திற்கு 100 இறாத்தல் வீதம் காற்று அழுத்தினால், கோலிற் கிடைக்கும் விசை 3,000 இறாத்தலாகும். பல தொன் எடையுள்ள வாகனத்தை ஒரு மனிதனின் பாதம் நிறுத்துவதன் இரகசியம் இதுவே.

பின்சில்லுகளில் இக்கலனோடு இன்னொரு கலனும் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே பலம்வாய்ந்த சுருள்வில்லொன்று நெருக்கி வைக்கப்பட்டுள்ளது. காற்றழுத்தம் இருக்கும்வரை வில் அடங்கிக் கிடக்கும். காற்று முழுமையாகக் குறைந்துவிட்டால் வில் விரிந்து தானாகவே பிறேக்கைப் பிடித்துவிடும். வாகனத்தைத் தரித்து வைப்பதற்கும் ஆபத்து வேளையில் நிறுத்துவதற்கும் இதுவே துணை. காற்று இல்லாதுவிட்டால் வாகனம் நிற்க வேண்டுமேயொழிய ஓடக்கூடாது என்ற தத்துவம் புகையிரதத்துடன் பிறந்ததாகும். அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் 1869 இல் காற்றுப் பிறேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். குழாய் அறுந்தால் வண்டித்தொடர் தானாக நிற்கும் முறையை அவர் சில ஆண்டுகளிலேயே உருவாக்கினார். மனிதன் தவறிழைப்பான், பொருட்கள் பழுதடையும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அமைக்கப்பட்ட பாதுகாப்பு அது.

இவ்வளவு நுட்பமாக அமைந்த பொறிமுறையின் உயிர்நிலை, ஒரு றப்பர்த் திரையிலும், ஒரு வில்லிலும், ஒரு கோலிலும் தங்கியிருக்கின்றது. அவை தேயும் பொருட்கள். வன்னியின் காலநிலையோ அத்தேய்வை விரைவுபடுத்துகின்றது. ஈரலிப்பான காற்றை கொம்பிறசர் அழுத்தும்போது அதிலுள்ள நீர் தாங்கியிற் சேர்கின்றது. தாங்கியின் அடியிலுள்ள வாயிலைத் திறந்து அந்நீரை நாள்தோறும் வெளியேற்றாவிட்டால் அது குழாய்களினூடாகக் கலனை அடைந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. தேய்ந்த கொம்பிறசரிலிருந்து எண்ணெய் கசிந்து வந்தால் றப்பர் ஊதி, மென்மையடைந்து, இறுதியிற் கிழிகின்றது. கோல் வெளிவரும் துவாரத்தினூடாகப் புழுதி உட்புகுகின்றது. ஈரமணலிலிருந்து வடியும் நீரும், கரையோரப் பகுதிகளின் உப்புக் காற்றும் தம் பங்கைச் செய்கின்றன. இவை அனைத்துக்கும் மேலாக, அனுமதிக்கப்பட்ட அளவை மீறி ஏற்றப்படும் பாரம் ஒவ்வொரு தடவை பிறேக் பிடிக்கும்போதும் முழுத் தொகுதியையும் வருத்துகின்றது.

இத்தேய்வின் அறிகுறிகள் மறைவானவையல்ல. கால் மிதியை அழுத்தும்போது மாத்திரம் காற்றுச் சீறும் சத்தம் கேட்குமாயின் முன்பக்கத் திரை பழுதடைந்துள்ளதாக ஐயுறலாம். மிதியிலிருந்து காலை எடுத்ததும் சத்தம் நின்றுவிடுவதால், ஓட்டத்திலிருக்கும் சாரதி அதனைப் பொருட்படுத்துவதில்லை. மாறாக, தரிப்புப் பிறேக்கை விடுவித்தவுடன் தொடர்ந்து சீறுமாயின் வில் இருக்கும் கலனின் திரையே சந்தேகத்துக்குரியது. அந்நிலையில் வில் அரைகுறையாக விரிந்து, ஓட்டத்தின்போதே பிறேக் உராய்ந்துகொண்டிருக்கும். ட்றம் சூடேறும், றப்பர் எரியும் வாடை வரும், சில வேளைகளில் சில்லே தீப்பற்றும்.

இவற்றைச் சோதிப்பதற்கு வெளிநாட்டு இயந்திரங்கள் எவையும் வேண்டியதில்லை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, காற்றை முழுமையாக நிரப்பி, இயந்திரத்தை நிறுத்தி, தரிப்புப் பிறேக்கை விடுவித்து, மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இழுவைப் பெட்டியில்லாத வாகனமொன்றில் அந்த ஒரு நிமிடத்தில் அழுத்தமானியின் முள் 3 இறாத்தலுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது அமெரிக்காவிற் சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையிலேயே கேட்கப்படும் விடயம். அடுத்து, கலனிலிருந்து வெளிவரும் கோல் எவ்வளவு தூரம் நகர்கின்றது என்பதை ஒரு சுண்ணக்கட்டியையும் அடிமட்டத்தையும் கொண்டே அளக்கலாம். மேற்கூறிய 30 சதுர அங்குலக் கலனின் சாதாரண வகையில் கோல் மொத்தமாக இரண்டரை அங்குலமே நகர முடியும். 2 அங்குலத்தைத் தாண்டினால் உடனடியாகச் சரிசெய்ய வேண்டும். ஏனெனில் எல்லையை நெருங்க நெருங்க விசை வேகமாக வீழ்கின்றது. அத்துடன், தொடர்ந்து பிறேக் பிடிக்கும்போது ட்றம் சூட்டினால் விரிவடைய, கோல் மேலும் தூரம் செல்ல வேண்டியதாகின்றது. குளிர்ந்த நிலையில் ஓரளவு வேலை செய்யும் பிறேக் சூடேறிய நிலையில் முற்றாகக் கைவிடுவது இவ்வாறுதான்.

இனித் திருத்த வேலையின்பாற் கவனத்தைச் செலுத்துவோம். கிழிந்த திரையை மாற்றுவது அனுபவமுள்ள திருத்துநருக்கு நீண்ட வேலையன்று. ஆனால், அதிற் பின்பற்ற வேண்டிய ஒழுங்குகள் உள்ளன. ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் ஒரே அளவான கலன்களே இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாக இருந்தால், சடுதியாக நிறுத்தும்போது வாகனம் ஒரு பக்கத்துக்கு இழுபடும். புதிய கலனின் கோலைப் பழையதன் நீளத்துக்கே வெட்ட வேண்டும். ஒரு பக்கத் திரை காலத்தால் நைந்திருந்தால் மறுபக்கத் திரையும் அதே வயதினதே என்பதால் இரண்டையும் ஒருசேர மாற்றுவதே முறை. வேலை முடிந்த பின்னர் கோலின் நகர்வை அளந்து சரிசெய்த பின்னரே வாகனம் வீதிக்கு வர வேண்டும்.

நடைமுறையிலோ கிழிந்த ஒரு திரை மாத்திரம் மாற்றப்படுகின்றது, அளவு பார்க்கப்படுவதில்லை. அதனினும் மோசமான குறுக்குவழிகளும் உலகெங்கும் இத்தொழிலில் உண்டு. கசியும் கலனுக்குச் செல்லும் காற்றுக் குழாயை மடித்துக் கட்டிவிட்டு எஞ்சிய சில்லுகளின் பிறேக்குகளோடு ஓடுவது ஒன்று. வில் விரிந்து சில்லை இறுக்கிக்கொள்ளும்போது, அந்த வில்லைத் திருகாணியால் நிரந்தரமாக நெருக்கி வைத்துவிட்டு ஓடுவது இன்னொன்று. முதலாவதில் நிறுத்தும் பலம் குறைகின்றது. இரண்டாவதிலோ காற்றிழந்தாற் காப்பாற்றுவதற்கு இருந்த ஒரேயொரு துணையும் பறிக்கப்படுகின்றது. "இந்த ஒரு நடையை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன்" என்று தொடங்கும் இவ்வேற்பாடு எத்தனை நடைகளுக்கு நீடிக்கின்றது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

இங்கு இன்னொரு உயிரும் பணயம் வைக்கப்படுகின்றது. அது திருத்துநரின் உயிர். மேற்சொன்ன வில் ஆயிரத்து ஐந்நூறு இறாத்தலுக்கும் அதிகமான விசையோடு நெருக்கப்பட்டிருக்கின்றது. அதனைத் திருகாணியாற் கட்டுப்படுத்தாமல் கலனின் வளையத்தைக் கழற்றினால் மூடி பீரங்கிக் குண்டுபோற் பாயும். தலையிலும் மார்பிலும் அடிபட்டுத் திருத்துநர்கள் உயிரிழந்த சம்பவங்கள் பல நாடுகளிற் பதிவாகியுள்ளன. இதனாலேயே வில் உள்ள பகுதியைத் திறக்கக்கூடாதென்ற எச்சரிக்கை கலன்களிற் பொறிக்கப்படுகின்றது. பல உற்பத்தியாளர்கள் அப்பகுதியைத் திறக்கவியலாதவாறு மடித்து மூடியும் விடுகின்றனர். அப்பகுதி பழுதடைந்தால் முழுமையாக மாற்றுவதே விதி. வீதியோரத் திருத்தகமொன்றில், பதினேழு வயது உதவியாளனொருவன் இந்த எச்சரிக்கையை அவனுக்கு விளங்கும் மொழியில் யாரிடமிருந்து கேட்டறிவான்? 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆயினும், நியமனக் கடிதமோ சம்பளப் பட்டியலோ இல்லாத ஒருவருக்கு அச்சட்டம் எட்டாக்கனியாகவே இருக்கும்.

குறுக்குவழிகளைக் கண்டிக்கும்போது அவை பிறந்த வரலாற்றை மறந்துவிடலாகாது. 1990களில் பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கியிருந்த காலத்தில் உதிரிப்பாகமும் எரிபொருளும் மின்கலமும் இப்பகுதிக்கு வருவது மறுக்கப்பட்டது அல்லது கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. சிறிதளவு பெற்றோலைக் காட்டி இயக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை அக்காலத்தவர் மறந்திருக்கமாட்டார்கள். ஒரு லொறியை ஓட வைப்பதற்கு இன்னொரு லொறியைப் பிரித்தெடுத்த திருத்துநர்களின் கைவண்ணத்தினாலேயே நெல்லும் நோயாளரும் இடம்பெயர்ந்த மக்களும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்ல முடிந்தது. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது நிலைமை தணிந்தது. 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி இறுதியில் விசுவமடு படையினர் வசமான வேளையில், மக்கள் இதே வீதிவழியே கிழக்கு நோக்கி ஏதிலிகளாகச் சென்றுகொண்டிருந்தனர். அவர்களுடன் சென்ற வாகனங்களிற் பெரும்பாலானவை எரிந்தும் சிதைந்தும் இரும்புக் குவியல்களாகின.

இல்லாமையின் மத்தியில் வாழ்வைக் காப்பாற்றிய அந்தக் கைவண்ணத்தை நாம் மதிக்கின்றோம். எனினும், வேறு வழியற்ற காலத்தில் உயிர்காத்த அதே பழக்கம், வழியுள்ள காலத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். அன்று திரை கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துச் சமாளித்தனர். இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உதிரிப்பாகக் கடைகள் உள்ளன. சமாளிப்பு மாத்திரம் தொடர்கின்றது.

அது தொடர்வதற்குப் பொருளாதாரக் காரணங்களும் இல்லாமலில்லை. யுத்தத்தின் பின்னர் லீசிங் கடனிற் பெறப்பட்ட டிப்பர்கள் வன்னியிற் பலருக்கு முதலும் வருமானமுமாயின. மாதத் தவணை பிந்தினால் வாகனம் பறிபோகும். நடைக்கு இவ்வளவு எனக் கூலிபெறும் சாரதிக்கு வாகனம் திருத்தகத்தில் நிற்கும் நாள் பட்டினி நாளாகும். 2020 மார்ச்சிற் கொண்டுவரப்பட்ட வாகன இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கட்டங்கட்டமாகத் தளர்த்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே பெருமளவில் நீங்கின. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டின் பாரவூர்திகள் புதுப்பிக்கப்படாமல் முதுமையடைந்தன. 2022 இல் டொலரொன்றின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியபோது உதிரிப்பாகங்களின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. அத்தகைய வேளையில், அசல் பொருளைப் போன்றே பொதியிடப்பட்டு மலிவு விலையில் விற்கப்படும் போலிகளுக்குச் சந்தை விரிவடைவது இயல்பே. றப்பரின் தரத்தைக் கண்ணாற் பார்த்து அறிய முடியாது. அது கிழியும்போதே அதன் தரம் தெரியவரும்.

இவ்விடத்தில் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டுவது பயனுள்ளது. எமது வீதிகளில் அதிகமாக ஓடும் இந்தியத் தயாரிப்புப் பாரவூர்திகளின் காற்றுப் பிறேக் உபகரணங்களிற் கணிசமானவை தமிழகத் தலைநகரின் பாடியில் வேரூன்றிய தொழிற்றுறையிலிருந்து வந்தவை. 1962 இல் பிரித்தானியாவின் கிளேற்றன் டிவாண்டர் நிறுவனத்தின் கூட்டுறவுடன் அங்கு தொடங்கப்பட்ட சுந்தரம்–கிளேற்றன் நிறுவனத்தின் பிறேக் பிரிவு, தரமுகாமைத்துவத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசினை 1998 இல் பெற்றது. தமிழ்த் தொழிலாளரின் கையால் உலகத் தரத்தில் உருவாகும் ஒரு பொருளின் இடத்தில், கடலின் இக்கரையில் பெயர் தெரியாத போலியொன்று பொருத்தப்படுவது கவலைக்குரியதாகும்.

அரசின் பங்கு யாது? 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தகுதியற்ற வாகனத்தை வீதியிற் செலுத்துவதைத் தடைசெய்கின்றது. வர்த்தக வாகனங்கள் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குத் தகுதிச் சான்றிதழ் சமர்ப்பிக்க வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனையும் கட்டாயமாயிற்று. ஆயினும், புகைப் பரிசோதனை பிறேக்கைப் பற்றி எதனையும் கூறுவதில்லை. தகுதிச் சான்றிதழோ ஆண்டுக்கு ஒருநாள் வாகனம் இருந்த நிலையையே கூறுகின்றது. நாள்தோறும் பல நடை மணல் ஏற்றும் டிப்பருக்கு ஓராண்டு என்பது மிக நீண்ட காலம். மேலும், ஒவ்வொரு சில்லின் நிறுத்தும் பலத்தையும் கருவியினால் அளக்காமல், முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வழங்கப்படும் சான்றிதழ் வெறும் கடதாசியாகவே இருக்கும்.

வீதிச் சோதனைகளின் நிலையும் இத்தகையதே. மணல் டிப்பரை மறிக்கும் பொலிஸார் முதலிற் கேட்பது மணல் அனுமதிப்பத்திரத்தை. அது அவசியமே, சட்டவிரோத மணல் அகழ்வு இப்பிரதேசத்தின் நிலத்தையும் நீரையும் அழிக்கின்றது. ஆனால், அந்த வாகனம் நிற்குமா என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பொருத்தப்பட்டிருந்த அலங்காரப் பாகங்களை அகற்றும் நடவடிக்கை பெரும் ஆரவாரத்துடன் முன்னெடுக்கப்பட்டு, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பையும் சந்தித்தது. வெளியே தெரியும் விளக்குகளும் அலங்காரங்களும் அதிகாரிகளின் கண்ணுக்கு இலகுவிற் படுகின்றன. வாகனத்தின் அடியிற் படுத்துப் பார்த்தாலன்றிக் கலனும் கோலும் கண்ணிற் படமாட்டா. வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் குறிப்பிட்டதொரு வாரத்தைப் பிறேக் சோதனைக்கென ஒதுக்கி, பரிசோதகர்கள் வாகனத்தின் அடியிற் சென்று கோலின் நகர்வை அளக்கின்றனர். வசதிகள் நிறைந்த அந்நாடுகளிலேயே பாரவூர்திகள் வீதியிலிருந்து அகற்றப்படுவதற்கான காரணங்களில் பிறேக் குறைபாடு முன்னிலை வகிக்கின்றது. எமது நிலை அதனினும் மேலானதாக இருக்கும் என நம்புவதற்கு இடமில்லை.

உரிமையாளர் தரப்பின் வாதத்தையும் நாம் செவிமடுக்க வேண்டும். பாகங்களின் விலை உயர்ந்துவிட்டது, நடைக்கூலி உயரவில்லை, போட்டியில் பாதுகாப்புக்குச் செலவிடுபவனே தோற்கின்றான் என்பது அவர்களது முறைப்பாடு. இதில் உண்மை இருக்கின்றது. ஒருவன் பிறேக்கைத் திருத்தி, அளவான பாரம் ஏற்றி ஓடுகையில் மற்றவன் இரண்டையும் செய்யாது குறைந்த கூலிக்கு ஓடினால் நேர்மையானவன் சந்தையிலிருந்து வெளியேற்றப்படுவான். ஆனால், இதிலிருந்து பெறவேண்டிய முடிவு விதியைத் தளர்த்துவதாக இருக்க முடியாது. விதி அனைவருக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவாகப் பிரயோகிக்கப்பட வேண்டும் என்பதே முடிவாகும். அத்துடன், விபத்தின் பின்னர் பெரும்பாலும் சாரதியே குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றார். திருத்த வேலைக்குப் பணம் தர மறுத்தவர் யார், கசிவைச் சாரதி முறையிட்டும் வாகனத்தை அனுப்பியவர் யார் என்ற கேள்விகளும் விசாரணையில் எழுப்பப்பட வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, மணல், கிரவல், கருங்கல் ஆகியவற்றின் அகழ்வுக்கும் போக்குவரத்துக்குமான அனுமதிகள் 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் வழங்கப்படுகின்றன. போக்குவரத்து அனுமதியோடு, அண்மைய மூன்று மாதங்களுக்குள் மேற்கொள்ளப்பட்ட பிறேக் பரிசோதனையின் பதிவையும் கட்டாயமாக்கினால், அதிக ஆபத்துள்ள வாகனங்கள் தாமாகவே சோதனைக்கு வரும். இரண்டாவதாக, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சில்லுவாரியாகப் பிறேக் பலத்தை அளக்கும் கருவியொன்றையேனும் மோட்டார் வாகனத் திணைக்களம் பொது மேற்பார்வையில் இயக்க வேண்டும். மூன்றாவதாக, பொலிஸாரின் வீதிச் சோதனையில் ஒரு நிமிடக் கசிவுச் சோதனை சேர்க்கப்பட வேண்டும். நான்காவதாக, இறக்குமதியாகும் பிறேக் உதிரிப்பாகங்கள் துறைமுகத்திலேயே கண்டிப்பான தரச்சோதனைக்கு உட்பட வேண்டும். உயிர்காக்கும் பாகங்கள் மீதான வரியைக் குறைப்பது பற்றியும் அரசு சிந்திக்கலாம். அசலின் விலை குறையும்போது போலியின் கவர்ச்சியும் குறையும்.

ஐந்தாவதாகவும் முக்கியமானதாகவும் நாம் கருதுவது பயிற்சியை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார் வாகனத் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கின்றது. முழுநேரக் கற்கைக்குச் செல்ல முடியாத வீதியோரத் திருத்துநர்களுக்காக, வார இறுதியில் இரண்டு நாட் பயிற்சியொன்றைத் தமிழில் நடத்துவது அத்தகைய நிறுவனத்திற்கு இயலாத காரியமன்று. வில்லைக் கட்டுப்படுத்தும் முறை, கோலை அளக்கும் முறை, சோடியாக மாற்றும் ஒழுங்கு, போலியை இனங்காணும் வழி ஆகியவற்றைப் படங்களுடன் விளக்கும் ஒரு பக்கப் பிரசுரத்தை ஒவ்வொரு திருத்தகச் சுவரிலும் ஒட்டலாம். அனுபவமிக்க மூத்த திருத்துநர்களுக்கு அவர்களது அறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கினால், அவர்களது சொல்லுக்கு உரிமையாளர்களும் செவிசாய்ப்பர். "இதை மாற்றாமல் வாகனத்தை வெளியே விடமாட்டேன்" என்று கூறும் அதிகாரம் திருத்துநருக்கு உண்டாக வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி வீதிகளையும் பாலங்களையும் வீடுகளையும் பரவலாகச் சேதப்படுத்தியது. மீள்கட்டுமானம் எங்கு நடைபெற்றாலும் அது மணலையும் கல்லையும் வேண்டி நிற்கும். அவற்றைச் சுமக்கும் பாரவூர்திகளின் ஓட்டமும் பெருகும். ஆகவே, இவ்விடயம் நாளைக்கு ஒத்திவைக்கக்கூடியதன்று. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமானோரை வீதிகளிற் பலிகொடுக்கும் நாடு இது. யுத்தத்திலிருந்து தப்பி, முகாம்களிலிருந்து மீண்டு, வெறுந்தரையிலிருந்து மறுபடி வாழ்வைக் கட்டியெழுப்பிய விசுவமடு மக்கள், தமது பிள்ளைகளை ஒரு கிழிந்த றப்பர்த் துண்டுக்குப் பறிகொடுக்கும் நிலை ஏற்படலாகாது.

அத்துண்டின் விலை, டிப்பரொன்றின் சில நடை வருமானத்துக்குள் அடங்கிவிடும். அதனை மாற்றும் நேரம் அரைநாளைத் தாண்டாது. இவ்வளவு சிறிய செலவைச் செய்ய மறுப்பதற்கு உரிமையாளர்களுக்கும், அதனைச் செய்விக்கத் தவறுவதற்கு அதிகாரிகளுக்கும் எந்த நியாயமும் இல்லை. அடுத்த விபத்தின் மறுநாளும் 'திடீரென' என்ற சொல்லை நாம் எழுத நேருமா என்பது சம்பந்தப்பட்டவர்கள் இன்று எடுக்கும் முடிவிலேயே தங்கியுள்ளது. அவர்கள் சிந்திப்பார்களா?